இருபத்தாறு தட்டுகளும் ஒரு மின்விசிறியும்

உடைந்த பொருளை மேற்கொண்டு உடையாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் தருகிற தொழில் எங்களுடையது. மும்பையின் தெற்குக் கோடியில் ஓர் அருங்காட்சியகம். மண்ணுக்குள்ளிருந்து வந்த பழைய பொருள்களைக் கழுவி, காயவைத்து, எண் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, பெட்டியில் வைக்கிற பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது உங்களிடம் "என்ன வேலை பாக்கே?" என்று கேட்டு, நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் பந்திக்கு எழுந்து போயிருக்கிறாரா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சிதான், இப்படி வந்து உட்காருங்கள்.

என் பெயர் மாரி, தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தோல் பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அம்மா பழைய பிளாஸ்டிக்கை ரகம் ரகமாகப் பிரிக்கிற கொட்டகையில் இருக்கிறாள். வரலாறும் தொல்லியலும் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன், பதினோரு மாத ஒப்பந்தத்தில். பதினோரு மாதம் முடிந்ததும் ஒருநாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, மறுபடி ஒரு பதினோரு மாதத்துக்குக் கையெழுத்து வாங்குவார்கள். முலுண்டில் இருக்கிற சித்தப்பாவோ தன் கூரியர் ஆபீசில் எனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். "மூணு ஒப்பந்தம் பாப்போம். அதுக்குள்ள பர்மனென்ட் ஆகலேன்னா சித்தப்பா ஆபீசுக்குப் போயிரணும்" என்று அப்பா கெடு வைத்தார். கீழே சொல்கிற சங்கதிகள் எல்லாம் அந்த மூன்று ஒப்பந்தத்துக்குள் நடந்தவை.

முதல் நாள் ஆயுதம்

வெள்ளைக் கையுறை தருவார்கள், பூதக்கண்ணாடி தருவார்கள் என்று எதிர்பார்த்து, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் பிரிவின் காப்பாட்சியர் சுலபா மேடம். மராட்டிக்காரர், நெற்றியில் பொட்டு பெரிது, பேச்சு ரொம்பச் சிக்கனம். அவர் என் கையில் கொடுத்தது இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு டூத் பிரஷும். எதிரே ஒரு மூட்டை பானை ஓடு, மண்ணோடு. உடைந்த ஓரத்தைத் தேய்க்காதே, வண்ணம் தெரிந்தால் நிறுத்து, ஒரு பையில் வந்த ஓட்டை இன்னொரு பை ஓட்டோடு கலக்காதே. இந்த மூன்று கட்டளைதான் என் மொத்தப் பயிற்சி.

சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வந்து, இரண்டாயிரம் வருஷத்துப் பானையை என் கையால் தொட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். தொட்டு என்ன செய்தாய் என்று அப்பா கேட்டார். கழுவினேன் என்றேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, சந்து முழுக்கக் கேட்கிற குரலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள்: "கேட்டியா சங்கதிய? வீட்டுல தின்ன தட்டைக் கழுவ மாட்டா. அங்க போயி ராசா காலத்து ஆளுவ தின்ன தட்டைக் கழுவுதாளாம்!"

டேமேஜ் பீஸ்

ஆள் குறைந்த நாட்களில் எங்களைக் காட்சிக் கூடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து ஓர் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். பாத்திரக் கடை வைத்திருக்கிறாராம். நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெரிய பானை ஒன்றைக் காட்டிச் சொல்லச் சொன்னார். எனக்கு அப்படி ஓர் ஆள் கிடைப்பது அபூர்வம். மூச்சுவிடாமல் இருபது நிமிஷம் விளக்கினேன். வாய் ஓரம் பாதி இல்லை, வயிற்றில் ஒரு துண்டு இல்லை, இல்லாத இடத்தில் சுண்ணச் சாந்து வைத்து நிரப்பியிருக்கிறோம், அந்த ஒட்டு பளிச்சென்று தெரிகிற மாதிரி வேறு நிறத்திலேயே விட்டிருக்கிறோம், எது பழசு எது நாங்கள் வைத்தது என்று பார்க்கிறவர் ஏமாறக் கூடாதல்லவா என்றெல்லாம்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிள்ளைகளையும் கேட்கச் சொன்னார். கடைசியில் கூச்சத்தோடு என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "தப்பா நெனைக்காதம்மா. எங்கடைக்கு இப்பிடி ஒரு பீஸ் வந்தா அன்னைக்கே கம்பெனிக்கு ரிட்டர்ன் அனுப்பிருவேன். நீங்க லைட்டு போட்டுல்லா வச்சிருக்கீய!"

மறைத்து வைத்த தகுதி

ஏழாம் வகுப்பு வரை நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இதை எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் பெரிய பெரிய கான்வென்ட்டுகளின் பெயரைச் சொல்லும்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். உங்களிலும் சிலர் அப்படித் தண்ணீர் குடித்திருப்பீர்கள்.

இரண்டாவது ஒப்பந்தத்தின் நடுவில் ஒருநாள் மேடத்தின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. மாடுங்காவில் ஒரு பெரியவர், தான் ஆயுளெல்லாம் பொறுக்கிச் சேர்த்த பானை ஓடுகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்பி, மாதிரிக்கு ஒரு பை அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு சீட்டு. மேடமும் இன்னும் இரண்டு பேரும் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எந்த மொழியாக இருக்கும் என்று ஆலோசனை செய்துகொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்த்து, "கரிசல் காடு, புதுக் கிணறு வெட்டிய மண், இரண்டு ஆள் ஆழம்" என்று வாசித்தேன். தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிற எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு வந்தது. பிரம்பைக் காட்டிக் காட்டி எழுத்துக் கூட்டவைத்த அந்தப் பள்ளி டீச்சரை அன்றுதான் மனதாரக் கும்பிட்டேன். மேடம் சீட்டை நேராகத் திருப்பிவைத்துவிட்டு, கோபமாகவே கேட்டார்: "இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?"

கட்டிலுக்கு அடியில்

மாடுங்காப் பெரியவரின் பெயர் மகாதேவன், நான் மாமா என்று கூப்பிடுவேன். சிமெண்ட் கம்பெனியில் நில அளவைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நிமித்தம் தென்மாவட்டங்களில் சுண்ணாம்புக்கல் தேடி அலைந்த காலத்தில், உழுத நிலத்திலும் வெட்டின கிணற்றோரத்திலும் கிடந்த ஓடுகளை எடுத்துப் பையில் போட்டு, எந்த இடம், எந்த மண் என்று சீட்டெழுதிச் சொருகிவைத்திருக்கிறார். மொத்தம் இருபத்தாறு பை. செம்பூர்க் குடியிருப்பிலிருந்து மாடுங்காவுக்கு வீடு மாறியபோதும் விடாமல் தூக்கி வந்திருக்கிறார். இப்படித் தனியார் கொடுப்பதை வாங்குவதற்குச் சட்டப்படி நிறையக் காகிதம் உண்டு. அதையெல்லாம் மேடம் பார்த்துக்கொண்டார். பைகளை எடுத்துவர என்னை அனுப்பினார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் பானை ஓட்டைவிடச் சீட்டுக்குத்தான் மதிப்பு. எங்கே கிடைத்தது என்று தெரிந்தால் அது சான்று. தெரியாவிட்டால் வெறும் உடைந்த பானை. மாமா ஒவ்வொரு சீட்டையும் கையில் வாங்கி, ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற முகம் அவருக்கு. மாமியின் முகத்திலோ வேறு களை. வாசல்வரை வந்து, லிஃப்ட் கதவைத் தானே பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருஷமா கட்டிலுக்கு அடியில பெருக்க முடியலை. ஒண்ணு விடாம எடுத்துண்டு போயிடு, நோக்குப் புண்ணியமாப் போகும்."

ஃபேன்

மூன்றாவது ஒப்பந்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிரிவில் ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் படித்தவர்களெல்லாம் விண்ணப்பித்தார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டு, "மாமாவின் தொகுப்பை ஒழுங்காக முடி. உனக்காகப் பேச என்னிடம் அது ஒன்றுதான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு வாரம் நாக்பூர் போய்விட்டார்.

கழுவினேன். பெரிய அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு இருபத்தாறு தட்டுகளில் ஓடுகளைப் பரப்பினேன். ஒவ்வொன்றின் மேலும் அதற்குரிய சீட்டை வைத்தேன். காலிப் பையை மடித்து அந்தந்தத் தட்டின் அடியில் செருகினேன். எங்கள் வீட்டில் ஒரு கவரைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார்கள், அந்தப் பழக்கம். கழுவுவதற்கு முன் பையையும் சீட்டையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சீட்டைத் தட்டோடு கிளிப் போட்டு வைக்க வேண்டும் என்பதும் விதி. இருந்த கிளிப்பெல்லாம் துருப்பிடித்தவை, காகிதத்தில் கறை ஏறும் என்று அதையும் விட்டேன்.

வெளியே மழையென்றால் மழை. மூன்று நாளாகியும் ஓடுகள் காயவில்லை, பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயம். பொருள்களைப் பூட்டிவைக்கிற எங்கள் காப்பறையில் ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள், யாரும் தொடக் கூடாது. இது காயவைக்கத் தற்காலிகமாகக் கொடுத்த அறை, டேப் இல்லை. போட்டேன். எங்கள் கட்டடத்து ஃபேன்கள் ஒன்று ஓடாது, ஓடினால் ஐந்தாம் நம்பரில்தான் ஓடும். நான் சுவிட்சைத் திரும்ப அணைப்பதற்குள் மாமாவின் நாற்பது வருஷம் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டீயோடு உள்ளே வந்த காப்பறை உதவியாளர் சாவந்த் காக்கா (மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா), மேலே அண்ணாந்து பார்த்து, இந்தியில் கேட்டார்: "என்ன மாரி, இந்த வருஷம் சங்கராந்தி மழையிலேயே வந்துடுச்சா? பட்டம் விடறியே!"

யாருக்குத் தெரியும்

ஈரத்தில் ஓட்டோடு ஒட்டிக்கொண்ட ஐந்து சீட்டுகள் மட்டும் இடத்தில் இருந்தன. மிச்சம் இருபத்தொன்றும் தரையிலும் அலமாரிக்கு அடியிலும் கிடந்தன. பொறுக்கி மேசையில் அடுக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். வேலை போய்விடும் என்று அழுதேன் என்றால் அது பாதி நிஜம். சீட்டை ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்த மாமாவின் முகம் மீதிப் பாதி.

காக்கா தன் டீயையும் எனக்கே கொடுத்தார். முப்பது வருஷமாக அந்தக் காப்பறையின் சாவியை வைத்திருக்கிற மனிதர், என்மேல் நிஜமான பிரியம் உள்ளவர். கதவைச் சாத்திவிட்டு, கையில் வந்த சீட்டைக் கையில் வந்த தட்டில் வைத்துவிடு, மேடம் வருவதற்குள் எண் எழுதிவிடு என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. அன்று பஸ்ஸில் தாராவி வந்து சேரும்வரை அதையேதான் யோசித்தேன். காக்கா சொன்னது காதிலேயே இருந்தது: "மகளே, எல்லாமே உடைஞ்ச பானை. எந்தப் பானை எழுந்து வந்து, என் ஊர் இது இல்லைன்னு சாட்சி சொல்லப்போகுது?"

பத்து மூட்டை

வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டாள், சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு. அவள் கொட்டகையில் தினமும் கலந்து கட்டி மூட்டை மூட்டையாகக் குப்பை வந்து இறங்கும். வளைத்துப் பார்த்து, நகத்தால் கீறி, தட்டிச் சத்தம் கேட்டு, எது எந்த ரகம் என்று பிரித்துப் போடுவார்கள். பள்ளி விடுமுறைகளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளைப் பிரித்திருக்கிறேன். அந்தக் கையை எம்.ஏ. படிக்கப் போனபோது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன் போல. அம்மா என் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏட்டி, பத்து மூட்டை ஒண்ணாக் கலந்து கெடந்தாலும் நாங்க உக்காந்து அழமாட்டோம், பிரிப்போம். காலேசுல ஒனக்கு அழுறதுக்குத்தான் சொல்லிக்குடுத்தாவளா?"

மோந்து பார்த்த படிப்பு

மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தேன். தட்டின் அடியில் காலிப் பை பத்திரமாக இருந்தது. பையின் மூலையில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அந்த மண்ணோடு நாற்பது வருஷம் கிடந்த சீட்டு, அந்த மண்ணை வாங்கியிருக்காதா? கரிசல் பையில் கிடந்த சீட்டின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பொடி இருந்தது. தேரிச் செம்மணலில் கிடந்த சீட்டு ஓரமெல்லாம் சிவந்திருந்தது. உப்பளத்துப் பக்கம் எடுத்தவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிட்டேன். உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, சீட்டு அப்பளம் நமுத்த மாதிரி தொய்ந்துபோயிருந்தது. சில சீட்டில் குண்டூசித் துரு இருந்தது, பையிலும் அதே இடத்தில் துரு. சிலவற்றில் எத்தனை ஓடு என்று மாமாவே எழுதியிருந்தார்.

ஐந்து நாளில் பதினெட்டுச் சீட்டுகள் தம் தட்டுக்குத் திரும்பின. ஒவ்வொன்று சேரும்போதும் கொண்டாட்டம்தான். பரீட்சையில் பாஸான எந்த நாளும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மூன்று மட்டும் எதற்கும் பிடிகொடுக்கவில்லை. அந்த மூன்றையும் மாறி மாறி மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தபோது காக்கா வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "படிச்சவங்க காகிதத்தைப் படிப்பாங்கன்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். நீ மோந்து பார்க்கிறே!"

மூன்று சீட்டு

மேடம் திரும்பி வந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படம் எடுக்காதது, கிளிப் போடாதது, ஃபேன் போட்டது எல்லாம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்னிடம் சொல்வது சுலபம். கொடுத்தவரிடம் போய்ச் சொல்" என்றார். அந்த மூன்று தட்டுகளின் படத்தையும் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு மாடுங்கா போனேன். லிஃப்ட் இருந்தும் மாடிப்படி ஏறினேன், கொஞ்சம் தாமதமாகட்டுமே என்று.

மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். முதல் படத்தைப் பார்த்ததும், "இது பொறுக்கறச்சேதான் வாய்க்கால்ல விழுந்து முட்டியைப் பேர்த்துண்டேன்" என்று சீட்டைச் சரியாக எடுத்து வைத்தார். மிச்சம் இரண்டு தட்டு, இரண்டு சீட்டு. அந்தப் படங்களை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இந்த ரெண்டையும் உன்னால சேர்க்க முடியாதும்மா. செம்பூர்லேர்ந்து வீடு மாத்தறச்சே ரெண்டு பை கிழிஞ்சு ஒண்ணாக் கொட்டிடுத்து. பழைய சீட்டும் போயிடுத்து. நான்தான் குத்துமதிப்பாப் பிரிச்சு, புதுசா ரெண்டு சீட்டு எழுதிச் சொருகினேன். இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலை. கேக்கவும் ஆள் இல்லை. இப்ப எழுதிக்கோ."

நான் மட்டும் சத்தமில்லாமல் அந்த இரண்டு சீட்டையும் எங்காவது வைத்து எண் எழுதியிருந்தால், மாமாவின் குத்துமதிப்பின் மேல் என் குத்துமதிப்பும் ஏறி, காலாகாலத்துக்கும் அது உண்மை என்று நின்றிருக்கும். தன் பெயரில் போகிற தொகுப்பில் தன் தப்பைத் தானே சொல்ல அந்த வயதில் எவ்வளவு பெரிய மனசு வேண்டும். காலில் விழலாம் போல இருந்தது. காபியோடு வந்த மாமிதான் அறையின் கனத்தைக் குறைத்தார்: "அம்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன், 'தப்பு பண்ணினேன்'னு இவர் வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன். மாசம் ஒருதரம் வந்துட்டுப் போம்மா!"

குறிப்புகள் என்ற கட்டம்

எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்புகள்' என்று பெயர். பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அழியாத மையில் எழுத வேண்டும். அடிக்கவும் கூடாது, வெள்ளை பூசவும் கூடாது. அந்த இரண்டு தட்டுகளுக்கும் நேராக, கிடைத்த இடம் உறுதியில்லை என்று எழுதினேன். கொடுத்தவர் வீடு மாறியபோது கலந்ததையும், இங்கே காயவைத்தபோது என் கவனக்குறைவால் சீட்டுகள் கலைந்ததையும், மற்றவற்றை எப்படிச் சேர்த்தேன் என்பதையும் எழுதி, என் முழுப்பெயரைப் போட்டேன். நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருந்தது. மேடம் இரண்டு தடவை வாசித்தார். கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அதுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் என்று இன்றும் நினைக்கிறேன். மை காய்வதற்காகப் பதிவேட்டைத் திறந்தே வைத்துவிட்டு இந்தியில் சொன்னார்: "மாரி, உன் வேலை நிரந்தரம் ஆகுமோ ஆகாதோ, உன் தப்பு ஆகிவிட்டது."

ஒரே கேள்வி

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் போனவர்களின் ஆங்கிலம் கதவுக்கு வெளியே வரை மணத்தது. நடுவில் இருந்த பெரியவர் என் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பதிவேட்டை வரவழைத்து, அந்தப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். இதை யார் எழுதச் சொன்னது என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். "இங்கே ஒன்றும் ஆகியிருக்காது சார். அந்த ஓடுகளை நம்பி ஒருத்தர் நாளைக்கு ஆராய்ச்சி பண்ணினால், அவருடைய வருஷங்கள் வீணாகும்" என்றேன். அவர் பதிவேட்டை மூடிவிட்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பிரிவின் மற்ற பதினைந்து பதிவேடும் சுத்தமாக இருக்கின்றன. எனக்கு இப்போது அவற்றின் மேல்தான் சந்தேகம் வருகிறது."

அப்பா தேடிய தேதி

மூன்றாவது ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது உத்தரவு வந்தது. எனக்குத்தான் அந்த இடம். சாவந்த் காக்கா பிரிவு முழுக்கப் பேடா கொடுத்தார். மாடுங்காவுக்குப் போன் செய்தேன். மாமா கேட்டுவிட்டுப் போனை மாமியிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

அப்பா பட்டறையிலிருந்து வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் காகிதத்தைத் தொட்டார். ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக்கொண்டு போனார். "இதுல முடியுற தேதி எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். போடவில்லை அப்பா என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது வருஷமாக, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று ராத்திரி கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிற மனிதர். காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். பின்பக்கம் திருப்பினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நல்லாப் பாரு தாயி, பின்னால எங்கயாச்சும் போட்டிருப்பான்."

போடவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. டீச்சருக்கும் காக்காவுக்கும் மாமா மாமிக்கும் மேடத்துக்கும், என்னை அழவிடாத அம்மாவுக்கும் நான் பட்ட கடன் தீராது.

பதிவேட்டில் எண் ஏறிவிட்ட பொருளை, அது எவ்வளவு உடைசலாக இருந்தாலும் வெளியே தூக்கிப் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். போன மாதம் எனக்கும் ஊழியர் எண் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.